பழைய ஏசி போய்ப் புதிய ஏசி: விஷயம் குழாயில் இருக்கிறது

ரிமோட்டை அழுத்தினால் இன்டோர் யூனிட் வழக்கம்போலக் காற்று விடும். மூன்று நிமிடம் கழித்து அவுட்டோரில் கம்ப்ரஸர் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டப்பென்று விழும். வீடு முழுக்கக் கரண்ட் போய்விடும். திரும்பத் தூக்கிவிட்டு வெறும் ஃபேன் மோடில் ஓடவிட்டால் எவ்வளவு நேரமானாலும் விழாது. எங்கள் பழைய இரண்டு டன் ஸ்ப்ளிட் ஏசியின் கடைசிக் காலம் இப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் ஒரு டெக்னீஷியன் வந்து பார்த்தார். பார்த்தார் என்றால், அவுட்டோரின் மேல் கையை வைத்துப் பார்த்தார். “கேஸ் கம்மியா இருக்கு சார், ரீஃபில் பண்ணா சரியாயிடும்” என்றார். கேஸ் குறைந்தால் குளிர் குறையும், கூலிங் காயிலில் ஐஸ் கட்டும், கம்ப்ரஸர் சூடாகி நின்று நின்று ஓடும். ஆர்சிசிபி விழாது. ஆர்சிசிபி விழுகிறது என்றால் கரண்ட் எங்கோ பாடிக்குக் கசிகிறது என்று அர்த்தம். அவரை அனுப்பிவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன்.

ஏசி ஓடவில்லை என்றதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. அதிகம் போவதும் அதுதான், மாற்றுவதற்கு எளிதும் அதுதான். மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும். அதனால் 20 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முனைகளுக்கும் நடுவே சில நொடிகள் பிடித்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுவது பார்க்க வீரமாக இருக்கும். கெபாசிட்டருக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை. எங்களுடையதில் 50 மைக்ரோஃபாரட், கூட்டல் கழித்தல் 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் 48.5 காட்டியது. கெபாசிட்டர் நன்றாக இருக்கிறது.

அடுத்தது கம்ப்ரஸர். அதன் மூடியைத் திறந்தால் மூன்று முனைகள் இருக்கும்: காமன், ரன், ஸ்டார்ட். காமனுக்கும் ரன்னுக்கும் நடுவே 1.1 ஓம், காமனுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே 2.4, ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் நடுவே 3.5. முதல் இரண்டையும் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும், வந்தது. அதாவது வைண்டிங், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அறுந்துபோகவில்லை. இதோடு நிறுத்திக்கொண்டு கம்ப்ரஸர் நல்லதுதான் என்று சொல்லிவிடுகிறவர்கள் நிறையப் பேர். மீட்டரின் ஒரு முனையைக் காமனிலும் இன்னொன்றைப் பெயின்ட் சுரண்டிய செப்புக் குழாயிலும் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது: 3 கிலோ ஓம். அங்கே மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டும். 230 வோல்ட்டை 3,000-ஆல் வகுத்தால் 77 மில்லி ஆம்பியர் வருகிறது. வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியருக்கே விழுந்துவிடும். கணக்கு நேராகப் பொருந்திவிட்டது. வைண்டிங்கின் இன்சுலேஷன் உள்ளே கருகியிருக்கிறது.

இப்படிப் பாடிக்கு இறங்கிவிட்ட கம்ப்ரஸருக்கு, “இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே” என்று திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுக்கக் கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் எண்ணெயும் கேஸும் முனையைப் பிய்த்துக்கொண்டு வெளியே பீய்ச்சியடிப்பதும், அது பற்றிக்கொள்வதும் நடக்கக்கூடியது. ஒயர்களைக் கழற்றி டேப் சுற்றி, பிரேக்கரை இறக்கிவைத்துவிட்டேன்.

கம்ப்ரஸரை மட்டும் மாற்றலாமா என்று யோசிக்காமல் இல்லை. வைண்டிங் கருகும்போது கேஸும் எண்ணெயும் சேர்ந்து சிதைந்து அமிலம் உண்டாகிறது. அது குழாய், காயில் எல்லாவற்றிலும் படிந்திருக்கும். சரியாகக் கழுவி, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் ஃபில்டர் டிரையரை மாற்றாமல் புதுக் கம்ப்ரஸரைப் போட்டால், அந்த அமிலம் புதியதின் வைண்டிங்கையும் அரிக்கும். அதைவிட முக்கியமாக, அவுட்டோரின் பக்கவாட்டுத் தகட்டில் ஆர்22 என்று எழுதியிருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ் என்பதால் 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் இதைப் படிப்படியாக ஒழித்து வருகிறார்கள். வளர்ந்த நாடுகள் 2020-லேயே ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிட்டன. வளரும் நாடுகளுக்கு 2030 வரை அவகாசம், அதற்குப் பிறகு பழைய மெஷின்களின் சர்வீஸுக்கென்று சொற்ப அளவுதான். வருடத்துக்கு வருடம் அரிதாகிற கேஸை நம்பி, காயிலும் தேய்ந்துபோன மெஷினில் பணம் போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அவுட்டோரை மட்டும் புதியதாக மாற்றி, பழைய இன்டோரை வைத்துக்கொள்வதும் நடக்காத காரியம். ஆர்22-வைவிட, அதற்குப் பதிலாக வந்த கேஸ்களான ஆர்410ஏ, ஆர்32 இரண்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் வேலை செய்பவை. 30 டிகிரி வெப்பத்தில் சும்மா நிற்கும்போதே ஆர்22 சிலிண்டரில் 160 பிஎஸ்ஐ அளவில் இருந்தால், ஆர்32-இல் 260-ஐத் தாண்டிவிடும். எண்ணெயும் வேறு: பழையதில் மினரல் ஆயில், புதியதில் செயற்கை எஸ்டர் ஆயில். இரண்டும் ஒத்துப்போகாது.

புதியதற்கு ஆர்32 என்று முடிவு செய்தேன். புவி வெப்பமாக்கும் திறன் கணக்கில், கரியமில வாயுவை 1 என்று வைத்தால், ஆர்22 1,810, ஆர்410ஏ 2,088, ஆர்32 675. ஆர்410ஏ-யிலேயே பாதி ஆர்32-தான். மீதிப் பாதி ஆர்125. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை, அது உண்மை. அதனால் பயப்பட வேண்டியதில்லை, கவனம் வேண்டும்: கேஸ் இருக்கும் குழாயில் டார்ச் வைத்துப் பிரேஸிங் செய்யக் கூடாது, மூடிய சின்ன அறையில் கசியவிடக் கூடாது, ஒரு அறைக்கு எவ்வளவு கேஸ் வரை போகலாம் என்று கையேட்டில் இருக்கும் அட்டவணையை மீறக் கூடாது.

டன் விஷயத்தில்தான் வீட்டில் விவாதம். பழையது இரண்டு டன் என்பதால் புதியதும் இரண்டு டன் என்பது எல்லோருடைய கட்சி. டன் என்பது எடை இல்லை. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். மணிக்கு 12,000 பிடியூ, அதாவது சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டி விற்ற காலத்துக் கணக்கு இன்னும் ஸ்டிக்கரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் பழைய ஏசி அறையைச் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப எடுக்கும். அறை குளிர்ந்திருக்கும், ஆனால் பிசுபிசுப்பு போகாது. காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் படிந்து வடிய வேண்டுமென்றால் ஏசி தொடர்ந்து ஓட வேண்டும். பெரிய மெஷின் அதற்கு நேரமே கொடுப்பதில்லை. ஜன்னல், கூரை, ஆள் எண்ணிக்கை எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்ததில் ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. ஒன்றரை டன் இன்வர்ட்டர் வாங்கினோம். இன்வர்ட்டர் என்றால் அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரஸர் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். ஈரம் இறங்குவதற்கும் அதுதான் நல்லது.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். கழற்றுவது, சுவர், டிரெயின், ஸ்டாண்ட் என்னுடையது. கேஸ் தொடர்பான எல்லாம் சான்றிதழ் உள்ள டெக்னீஷியனுடையது. பல நாடுகளில் சட்டமே அப்படித்தான், சட்டம் இல்லாவிட்டாலும் அதுதான் புத்திசாலித்தனம். ஆளைத் தேடும்போது எல்லோரிடமும் போனில் ஒரே கேள்விதான் கேட்டேன்: “உங்களிடம் மைக்ரான் கேஜ் இருக்கிறதா?” குழாயில் வேக்யூம் எவ்வளவு என்று துல்லியமாக அளக்கும் மீட்டர் அது. பெரும்பாலானவர்கள் பேச்சை மாற்றினார்கள். ஒருவர் மட்டும், “இருக்கு, நைட்ரஜன் சிலிண்டரும் கொண்டு வரேன்” என்றார். அவரையே வரச் சொன்னேன். கம்பெனியின் பெயரைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் புது ஏசியின் ஆயுளைச் சொல்லும் என்பது என் கட்சி.

பழைய ஏசியைக் கழற்றும்போது வழக்கமாகச் செய்வது பம்ப் டவுன். கூலிங்கில் ஓடும்போதே மெல்லிய குழாயின் வால்வை அலன் கீயால் மூடுவது, கேஜ் பூஜ்யத்தை நெருங்கியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடுவது, உடனே அணைப்பது. கேஸ் முழுவதும் அவுட்டோருக்குள் அடைந்துவிடும். இதில் ஒரு கண்டிப்பு உண்டு: கம்ப்ரஸர் நின்ற பிறகுதான் குழாயின் நட்டில் கை வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது நட்டைத் தளர்த்தினால் கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும். காற்றும் எண்ணெய்த் துளிகளும் சேர்ந்து அமுங்கிச் சூடாகி வெடிக்கும். எங்கள் கம்ப்ரஸர்தான் போய்விட்டதே, பம்ப் டவுனுக்கு வழியில்லை. டெக்னீஷியன் ரெகவரி மெஷினை மாட்டி கேஸைத் தனிச் சிலிண்டரில் இறக்கினார். நட்டைத் திறந்து புஸ்ஸென்று வெளியே விட்டால் சீக்கிரம் முடிந்துவிடும், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு கிலோ ஆர்22 என்பது 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், ஓசோன் சேதம் தனி.

கழற்றிய பிறகு பழைய குழாய் நிறையச் செய்தி சொன்னது. இன்டோர் பக்கத்துத் தடித்த குழாயின் ஃப்ளேர் நட்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கூடவே வரும். ஆக மெல்லிய கசிவு பல காலமாக இருந்திருக்கிறது. நட்டைக் கழற்றி ஃப்ளேரை, அதாவது புனல்போல விரித்த குழாய் முனையை, பார்த்தால் உள்விளிம்பில் ஒரு பிசிர், அதன் நேரே முகத்தில் ஒரு கோடு. கேஸ் குறைய, கம்ப்ரஸரைக் குளிரவைக்க வேண்டிய கேஸும் குறைய, அது சூட்டிலேயே ஓடி ஓடி வைண்டிங் கருகியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதலில் வந்தவர் “கேஸ் கம்மி” என்றது ஒருவகையில் உண்மைதான் போல. அதற்கு அவர் சொன்ன வைத்தியம்தான் பிரயோஜனமில்லாதது.

புதுக் குழாயே போட்டோம். பழைய குழாயைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று சொல்வார்கள், சுவருக்குள் புதைந்த குழாய் என்றால் வேறு வழியில்லாமலும் போகலாம். எங்களுக்கு வெளியே ஓடும் குழாய். கருகிய எண்ணெய் படிந்ததைத் தேய்த்துக்கொண்டிருப்பதற்கு மாற்றிவிடுவதே மேல். மெல்லியது 1/4 அங்குலம், தடித்தது 1/2 அங்குலம், சுவர்க்கனம் 0.8 மில்லிமீட்டர். இரண்டுக்கும் தனித்தனி இன்சுலேஷன். இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்தால் ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்குப் போகும்.

ஃப்ளேர் போடுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டரை ஒரே முறுக்காக இறுக்காமல், சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி வெட்டினார். அவசரப்பட்டால் குழாய் நசுங்கி விளிம்பு உள்ளே மடங்கும். வெட்டியதும் குழாயின் வாயைத் தரையைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு ரீமரால் பிசிரை எடுத்தார். மேலே பார்க்க வைத்துச் சுரண்டினால் செப்புத்தூள் உள்ளே விழுந்து நேராக, கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் போகும். பிறகு நட்டைக் குழாயில் மாட்டினார். சிரிக்காதீர்கள், ஃப்ளேர் போட்ட பிறகு நட்டு எங்கே என்று தேடுவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. விரிந்த ஃப்ளேரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் ஒரே அகலம், கண்ணாடி போல வழவழப்பு, ஒரு கீறல் இல்லை. முதலில் போட்ட ஒன்றின் ஓரத்தில் மயிரிழை அளவு கோணல் இருந்தது. ஒன்றும் பேசாமல் வெட்டித் தூர எறிந்துவிட்டு மறுபடி போட்டார். அப்போதே எனக்குப் பாதி நிம்மதி.

ஃப்ளேரின் முகத்தில் ஒரு சொட்டு ரெஃப்ரிஜரேஷன் ஆயில். நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றிப் பார்த்து, இழை சரியாகப் பிடித்தது என்று தெரிந்த பிறகுதான் இரண்டு ஸ்பேனர். ஒன்று வால்வைப் பிடிக்க, மற்றது குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச். 1/4 அங்குலத்துக்கு 14 முதல் 17 நியூட்டன் மீட்டர், 1/2 அங்குலத்துக்கு 50 முதல் 60. “கை சொல்லும்” என்பவர்களின் கை பெரும்பாலும் மெல்லிய குழாயை அதிகமாக இறுக்கும், தடித்ததைக் குறைவாக இறுக்கும். முதலாவதில் ஃப்ளேர் நசுங்கி மெலிந்து பின்னால் விரிசல் விடும். இரண்டாவதில் கசியும்.

பிறகு நைட்ரஜன். படிப்படியாக ஏற்றி, கையேடு அனுமதிக்கும் சோதனை அழுத்தத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை. இந்த இடத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் தொடவே கூடாது, எண்ணெயுடன் சேர்ந்தால் வெடித்துவிடும். அழுத்தம் அப்படியே நிற்கிறதா என்று பார்க்கும்போது வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 40 பார் அளவில் இருந்தால் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.13 பார் ஏறி இறங்கும். நிழல் வந்ததும் முள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்துக் கசிவு என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்த கட்டத்தில்தான் பெரும்பாலான இன்ஸ்டலேஷன்களில் குறுக்குவழி நடக்கிறது. அவுட்டோரில் இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் குழாயில் இருக்கும் காற்றைத் தள்ளிவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், ஏசியும் குளிரும். ஆனால் குழாயின் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் அப்படியே இருக்கும். ஆர்32-உடன் வரும் எஸ்டர் ஆயில் ஈரத்தை ஆவலாக இழுத்துக்கொள்ளும். இழுத்துக்கொண்டு சிதைந்து அமிலமாகும். பல வருடம் கழித்துக் கம்ப்ரஸர் போகும்போது யாரும் இன்ஸ்டலேஷன் நாளை நினைத்துப் பார்க்கப்போவதில்லை.

வேக்யூம் பம்ப் செய்வது வெறும் காற்றை இழுப்பது மட்டுமில்லை. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 7,60,000 மைக்ரான். 30 டிகிரி வெப்பத்தில் அது 32,000 மைக்ரானுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைத்தான் பம்ப் இழுத்து வெளியேற்றுகிறது. இலக்கு 500 மைக்ரானுக்குக் கீழே. சாதாரண மேனிஃபோல்டு கேஜில் இதைப் பார்க்க முடியாது. அதில் முள் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். 20,000 மைக்ரானுக்கும் 500-க்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால்தான் போனில் அந்தக் கேள்வி.

எங்கள் குழாயில் எண் வேகமாக இறங்கி, 2,000 பக்கத்தில் தயங்கி நின்று, பிறகு மெல்ல இறங்கியது. தயங்கிய இடம்தான் ஈரம் ஆவியான நேரம். 350-க்குப் போனதும் பம்ப் பக்கத்து வால்வை மூடிவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண் விடாமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு. 500-ஐத் தாண்டி ஓரளவு ஏறி நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, பம்ப்பை மறுபடி ஓட்ட வேண்டும். எங்களுடையது 500-க்குக் கீழேயே, 410-க்கு வந்து நகராமல் நின்றது. சரி என்று அவர் மெல்லிய குழாயின் வால்வை முதலில் திறந்தார், அப்புறம் தடித்தது.

அவுட்டோரில் கம்பெனியிலேயே ஏற்றி வரும் கேஸ், எங்கள் மாடலில் 5 மீட்டர் குழாய் வரைக்கும் போதும். அதற்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று கையேட்டில் இருந்தது. எங்கள் குழாய் ஆறரை மீட்டர். தராசில் வைத்து 30 கிராம் ஏற்றினார். இன்வர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஓடும்போது அழுத்தத்தைப் பார்த்து கேஸ் போடுவது குருட்டுக் கணக்கு. தராசுதான் வழி. ஏற்றிய கிராமை மார்க்கரால் அவுட்டோரின் தகட்டில் எழுதச் சொன்னேன். அடுத்து வருபவருக்கு உதவும்.

என் பங்கு வேலையில் சொல்லும்படியானது டிரெயின்தான். சுவர்த் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். பழைய துளை உள்பக்கம் சரிந்திருந்தது, மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் சுவரில் இறங்கிக் கறை போட்டிருக்கிறது. புதிதாக 65 மில்லிமீட்டர் கோர் பிட்டால் துளைத்துக்கொண்டேன். டிரெயின் பைப், வழி நெடுகச் செப்புக் குழாய்களுக்கு அடியில் வர வேண்டும், எங்கும் மேலேறி இறங்கக் கூடாது, முனை வாளித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது. இன்டோரை மாட்டியதும், மூடியைப் போடுவதற்கு முன், காயிலுக்கு அடியில் இருக்கும் தட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். சொட்டு தங்காமல் வெளியே வந்தது. இதைச் செய்யாமல் மூடிவிட்டுப் பிறகு கட்டில் மேல் தண்ணீர் சொட்டுகிறது என்று புலம்புகிறவர்கள் அநேகம்.

கரண்ட் பக்கம் பழைய லைனே போதுமாக இருந்தது: தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், தனி பிரேக்கர். எர்த் மட்டும் மீட்டர் வைத்துப் பார்த்து, அவுட்டோரின் பக்கத்தில் லைனைத் துண்டிக்கப் புதிதாக ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வைத்தேன். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் நடுவே போகும் ஒயரில் ஒட்டு போடக் கூடாது. அந்த ஒயரின் வழியாகத்தான் இரண்டு போர்டுகளும் பேசிக்கொள்கின்றன. ஒட்டில் கொஞ்சம் துரு ஏறினாலும் கம்யூனிகேஷன் எர்ரர் காட்டி நின்றுவிடும், காரணம் கண்டுபிடிப்பதற்குள் ஒரு போர்டை மாற்றியிருப்பார்கள்.

முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடிய பிறகு, இன்டோர் மேல்பக்கம் உள்ளே இழுக்கும் காற்று 29 டிகிரி, கீழே வெளியே வரும் காற்று 17. பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருந்தால் பொதுவாகச் சரி. காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் கொஞ்சம் குறையும். அவுட்டோரில் இரண்டு குழாய்களையும் சோப்பு நுரை வைத்து மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வால்வு மூடிகளை இறுக்கினார். அந்தப் பித்தளை மூடிகளும் கேஸைத் தடுப்பதற்குத்தான். தொலைத்துவிட்டுத் துணியைச் சுற்றிவைப்பது கூடாது.

முதல் வாரம் அவுட்டோர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் சுவரோடு சேர்ந்து ரீங்காரமிட்டது. ஸ்டாண்டின் நான்கு போல்ட்டிலும் ரப்பர் வாஷர் போட்டிருந்தும் சத்தம் வந்தது. தேடிப் பார்த்ததில் செப்புக் குழாயின் வளைவு பின் கிரில்லை உரசிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு துண்டு இன்சுலேஷனைச் செருகிக் கட்டியதும் நின்றுவிட்டது. இதையும் விட்டுவைத்திருந்தால் உரசி உரசிக் குழாய் ஓட்டை விழுந்திருக்கும். பழைய சுவர்த் துளையை அடைத்துப் பெயின்ட் அடிப்பது மட்டும் பாக்கி இருக்கிறது. சுவரில் இறங்கிய ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு அதில் கை வைப்பதாக இருக்கிறேன்.